பதினேழாம் நம்பரின் கொக்கி

துப்பாக்கிக்கு எண்ணெய் அதிகமாகப் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வழிய வழிய ஊற்றிவிட்டு, பளபளவென்று இருக்கிறதே என்று பூரித்துப்போவார்கள். அந்த எண்ணெயில் தூசி வந்து ஒட்டும். ஒட்டிய தூசி களிம்பாகும். களிம்பு சேர்ந்தால் ஸ்பிரிங் சோம்பிவிடும். துணியில் இரண்டு சொட்டு விட்டு, துடைத்தது தெரியாதபடி துடைத்தால் போதும். முப்பத்தொரு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காதில் போட்டுக்கொண்டவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் இப்போது இல்லை.

வியாழக்கிழமை நான் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் பெரிதாகப் பொய் ஒன்றும் இல்லை, ஐயா. ஒரே ஒரு இடம்தான் தப்பு. 'காலி என்று பார்த்துத்தான் கொடுத்தேன்' என்று எழுதிக்கொண்டீர்கள். பார்த்துத்தான் கொடுத்தேன். காலியாக இல்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன். திருத்தினால் காரணமும் சொல்ல வேண்டும், கொஞ்சம் நேரமாகும். எழுதுகிற தம்பிக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் மின் நிலையத்தின் காவல் பிரிவில் ஆயுத அறை என் பொறுப்பு. மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஜன்னல்கூட இல்லாத அறை. நீள மேஜை ஒன்று, அதன் மேல் கறுப்பு ரப்பர் விரிப்பு, மேலே ஒரு குழல் விளக்கு. சுவரோரமாக மரச் சட்டத்தில் வரிசையாக இருபத்திரண்டு சப் மெஷின் துப்பாக்கிகள். என் அப்பா பிறப்பதற்கு முன்னால் செய்தவை. தகட்டை அழுத்தி, வளைத்து, பற்றவைத்து அவசரத்தில் செய்த சாமான். பார்க்க அழகு கிடையாது. நாங்கள் எல்லோரும் அதைத் 'தகரம்' என்றுதான் சொல்வோம். புதிதாக வருகிறவன் முதல் நாள் சிரிப்பான். ஒரு தடவை சுட்டுப் பார்த்த பிறகு சிரிக்க மாட்டான்.

அது வேலை செய்கிற விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். ரைஃபிளில் தோட்டா குழலின் அடியில் இருக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்து காத்திருக்கும். விசையை இழுத்தால் ஊசி வந்து குத்தும். தகரத்தில் அப்படி இல்லை. சுடத் தயாராக இருக்கும்போதும் அதன் அறை காலியாகத்தான் இருக்கும். போல்ட் என்று ஒரு கனத்த இரும்புக் கட்டி பின்னால் இழுத்து நிறுத்தப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் நீளமான ஸ்பிரிங் ஒன்று, எப்போது விடுவார்கள் என்று முண்டிக்கொண்டிருக்கும். போல்ட்டைப் பிடித்து நிறுத்துவது விரல் நுனி அளவுள்ள ஒரு கொக்கி. விசையை இழுத்தால் கொக்கி இறங்கும், போல்ட் பாயும், போகிற போக்கில் மேகசினிலிருந்து ஒரு தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் அறைக்குள் செருகும், செருகின வேகத்திலேயே வெடிக்கும். வெடித்த வேகம் போல்ட்டைத் திருப்பி அனுப்பும். விரலை எடுக்கிறவரை இதேதான் நடக்கும்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லோரும் பயிற்சியில் முதலில் கற்றது ரைஃபிள். ரைஃபிள் பழகினவன் துப்பாக்கியைக் கைமாற்றும்போது என்ன செய்வான்? அறைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பான், 'காலி' என்பான். வாங்குகிறவனும் விரலை விட்டுப் பார்த்து 'காலி' என்பான். ரைஃபிளுக்கு அது சரி. தகரத்துக்கு அது பைத்தியக்காரத்தனம். அறை காலியாக இருக்கும், மேகசினில் முப்பது தோட்டா இருக்கும், கொக்கி மட்டும் நடுவில் நிற்கும். முதலில் மேகசினைக் கழற்று, பிறகு விரலை விடு என்று ஆயுத அறையின் கதவில் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்தேன். ஊதுகிற சங்கை ஊதினேன், அவ்வளவுதான். ஷிப்ட் மாறுகிற அவசரத்தில் யாரும் கழற்றுவதில்லை.

என் மகன் கழற்றுவான். அவன் அந்தப் பிரிவில் சேர்ந்தது என்னால்தான். வேறு எங்காவது போயிருக்கலாம், படிப்பு சுமாராக இருந்தாலும் கை சுத்தமான பையன். "அப்பா, துப்பாக்கியப் பாக்குற மாதிரி ஒரு நாள் என் மார்க் ஷீட்டப் பாத்திருந்தீங்கன்னா, நான் இன்னிக்கு டாக்டரு," என்று கிண்டல் செய்வான். "அப்போ உன்கிட்ட வைத்தியத்துக்கு வர்றவன் கதி?" என்று அவன் அம்மா கேட்பாள். சாப்பிட உட்காரும்போது மூன்று பேரும் இப்படித்தான் பேசிக்கொண்டிருப்போம். இருபத்துநான்கு வயதில் செத்துப்போனான். ஒன்பது வருடம் ஆகிறது. இதைச் சொல்லும்போது என் குரல் மாறவில்லை என்பதைக் கவனிக்கிறீர்கள். எனக்கு வலிக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்றைக்கும் சட்டைக்குப் பித்தான் போடும்போது அவன் ஞாபகம் வந்தால், பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அவனுக்குத் துப்பாக்கியைக் கைமாற்றியவர்தான் வியாழக்கிழமை செத்துப்போனவர். அவருக்குப் பிரிவில் 'நழுவல்' என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கு வந்ததே என் மகன் செத்த பிறகுதான். அதற்கு முன்னால் அவரை எல்லோரும் 'தொம்' என்று கூப்பிட்டார்கள். பருத்த ஆள். எதை வைத்தாலும் தொம்மென்று வைப்பார். டம்ளரை வைத்தால் மேஜை அதிரும், செருப்பைக் கழற்றினால் பக்கத்து அறைக்குக் கேட்கும். அதைத் தவிர அவரிடம் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. என்னை அண்ணே என்பார், என் மனைவியை அண்ணி என்பார். என் மகன் அவரைச் சித்தப்பா என்றே கூப்பிட்டான்.

அன்றைக்குக் காலை எட்டு மணி ஷிப்ட். நான் கீழே அறையில் இருந்தேன். ஒரே ஒரு வெடிச் சத்தம். அடுத்தடுத்து மூன்று நான்கு வெடிக்காமல் ஒன்றோடு நின்றதால், விசையில் விரல் இல்லை என்று படியேறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பழக்கம், என்ன செய்வது. மேலே காவல் மேஜைக்கு அந்தப் பக்கம் என் மகன் கிடந்தான். கழுத்துக்குக் கீழே பட்டிருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் தொம் நின்றுகொண்டிருந்தார், துப்பாக்கி இன்னும் அவர் கையில் இருந்தது. நம்பரைப் பார்த்தேன். பதினேழு.

"சித்தப்பா, மேகசினக் கழட்டுங்கன்னு சொன்னாண்ணே," என்றார். "கழட்டத்தான் போனேன். ஒரு கை வேணும்னு பின்கட்டைய மேஜையில வெச்சேன். வெச்சேன், அவ்ளோதான்."

நான் அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கித் தரையில் போட்டேன். பிறகு சொன்னேன். "கை நழுவி விழுந்துடுச்சுன்னு சொல்லு. கையிலயே இருந்துச்சுன்னு சொன்னா, நீதான் சுட்டேன்னு கொலைக் கேஸ் போட்டுருவாங்க. விழுந்துச்சு. புரியுதா?" அவர் தலையாட்டினார். என் மகன் அப்போது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் எழுதுகிற தம்பி பேனாவை நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். இப்படி ஒரு தகப்பனா என்று தோன்றும். ஒரு ஆளைத் தூக்குக்கயிற்றிலிருந்து காப்பாற்றினேன் என்றுதான் நான் அப்போது நினைத்தேன். வருடக்கணக்கில் அப்படியே நினைத்தேன். அவரும் அப்படியே நினைத்து எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

தகரத்துக்கு வருடத்தில் ஒரு முறை தட்டுச் சோதனை உண்டு. மேகசின் இல்லாமல், போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு, பின்கட்டையை ரப்பர் விரிப்பில் மூன்று தடவை தட்ட வேண்டும். கொக்கி நன்றாக இருந்தால் போல்ட் அசையாது. தேய்ந்திருந்தால் படாரென்று முன்னால் பாயும். மூன்றில் ஒரு தடவை பாய்ந்தாலும் அந்தத் துப்பாக்கி தேறவில்லை. சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவிட வேண்டும். என் மேஜையில் சிவப்பு அட்டை கட்டின துப்பாக்கி அதுவரை ஒன்றுகூட இல்லை. மேலதிகாரிகள் வந்தால் அதைத்தான் முதலில் சொல்வார்கள். "இவர் கை பட்டா தேறிடும்," என்பார்கள். நானும் வாயைத் திறக்காமல் நிற்பேன். உள்ளுக்குள் நன்றாகத்தான் இருக்கும். மனுஷன்தானே.

என் மகன் சாவதற்கு நான்கு மாதம் முன்னால் நடந்த சோதனையில் பதினேழாம் நம்பர் இரண்டு தடவை நின்றது, மூன்றாவது தடவை பாய்ந்தது. கொக்கியைக் கழற்றிப் பார்த்தேன். விளிம்பு மழுங்கியிருந்தது, கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரிந்தது. மாற்றுக் கொக்கி கேட்டு எழுதினால் வர ஆறு மாதம் ஆகும். அதுவரை சிவப்பு அட்டை தொங்கும். சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்துச் சரிபண்ணி மறுபடி மாட்டினேன். மறுபடி மூன்று தட்டு தட்டினேன். மூன்றும் நின்றது. அந்த மூன்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் சறுக்கினேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், மூன்று தட்டும் நின்றது உண்மை.

விசாரணை வந்தது. பதினேழாம் நம்பரைப் பரிசோதித்து அறிக்கை எழுத அந்த வட்டாரத்திலேயே தகரம் தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான். விசாரணை அதிகாரி நல்ல மனிதர். "உங்களால இதச் செய்ய முடியுமா? உங்க பையன் விஷயம். வேண்டாம்னா வெளியிலேர்ந்து ஆள் கூப்பிடறேன், கொஞ்சம் லேட் ஆகும், பரவாயில்ல," என்றார். முடியும் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். அந்தச் சோதனைக்குப் பிறகு உதிரிப் பாகங்களுக்காக வெளியிலிருந்து வந்த உடைந்த துப்பாக்கி ஒன்று உண்டு, அதன் கொக்கியைக் கழற்றிப் பதினேழில் மாட்டினேன். அது கச்சிதமாகப் பிடித்தது. 'துப்பாக்கியில் குறை இல்லை. கீழே விழுந்த அதிர்ச்சியில் வெடித்திருக்கிறது' என்று எழுதினேன். தகரம் விழுந்தால் வெடிக்கும் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம், அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. மழுங்கின கொக்கியைத் திருகாணி டப்பாவில் போட்டு வைத்தேன். ஏன் தூக்கி எறியவில்லை என்று கேட்பீர்கள். உதிரிப் பாகத்தைத் தூக்கி எறிகிற பழக்கம் எனக்கு இல்லை.

தொம்முக்குப் பதவி உயர்வு போயிற்று. வெளிவாசல் காவலுக்கு மாற்றினார்கள், துப்பாக்கி கையில் கொடுப்பதில்லை. 'தொம்' போய் 'நழுவல்' ஆனார். புதிதாகச் சேர்ந்த பையன்கள்கூட, "நழுவலண்ணே, டீ டம்ளர கெட்டியாப் பிடிங்க," என்பார்கள். சிரித்துக்கொள்வார். என் மகன் செத்த தேதியில் ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டுக்கு வருவார். பையில் ஆரஞ்சுப் பழம் இருக்கும். கேட்டைத் தட்டுவார். என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், கதவைத் திறக்க மாட்டாள். கால் மணி நேரம் நிற்பார். பிறகு பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவள் திறக்கவில்லை. பெற்ற வயிறு, அவரைப் பார்க்க எப்படி மனசு வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அது ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது. அவளுக்குக் கோபப்பட ஒரு ஆள் இருந்தார். கோபப்பட ஆள் இல்லாத துக்கம் மனிதரைத் தின்றுவிடும்.

இந்த வருடம் தகரங்களை ஒழித்துவிட்டுப் புதியவை தருவதாக உத்தரவு வந்தது. தலைமையகத்திலிருந்து ஒரு சின்ன வயது நிபுணர் வந்து, பழையவற்றை ஏன் எடுக்கிறோம் என்று எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார். படம் போட்டுக் காட்டினார். கொக்கி தேய்ந்தால், விசையைத் தொடாமல், கீழே விழாமல், லேசாக ஒரு தட்டு தட்டினாலே போதும் என்றார். கடைசி வரிசையில் நழுவல் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் கீழே என் அறைக்கு வந்தார். ஸ்டூலைத் தொம்மென்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, அன்னிக்கு அது நழுவல," என்றார்.

நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"என் கையிலதான் இருந்துச்சு. நீங்க என்னைக் காப்பாத்தணும்னு நழுவுச்சுன்னு சொல்லச் சொன்னீங்க. நானும் சொன்னேன். ஒம்பது வருஷம் சொல்லிச் சொல்லி, எனக்கே நழுவின மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி தூக்கத்துல கையப் பொத்திப் பொத்திப் பிடிக்கிறேன்னு வீட்டுக்காரி சொல்றா. அந்தப் பையன் படம் போட்டுக் காட்டினதும்தான்ணே எனக்குப் புரிஞ்சுது. நான் வெச்சேன், அது விட்டுடுச்சு. என் கை ஒண்ணும் பண்ணல." அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கி அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இப்ப என்ன பண்ணணுங்கற?" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்ணே. கேஸு, பதவி உயர்வு, எதுவும் வேணாம். உங்க மேலயும் நான் குத்தம் சொல்லல. பழைய இரும்பு, எப்ப என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்? அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடறேன். உங்க பிள்ளைய நான் கை தவறவிட்டுக் கொல்லலன்னு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரேன். நீங்களே முன்னால போயிக் கதவத் தெறங்கண்ணே. ஒரு வாய் தண்ணி அவங்க கையால வாங்கிக் குடிச்சிட்டுப் போயிடறேன்."

சரி, வா என்றேன்.

அவர் கேட்டது நியாயம். நான் மறுக்கவில்லை. ஆனால் என் மனைவியை அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள். அவர் சொல்லி முடித்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, 'கொக்கியப் பாக்கவேண்டியது யாரு' என்பதாக இருக்கும். மகனை இழந்தவள் புருஷனையும் இழந்ததற்குச் சமம் அது. அவளுக்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்தன். அதையும் பிடுங்கிவிட்டு அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? செவ்வாய் முழுவதும் இதையே யோசித்தேன். கோபத்தில் செய்தது என்று எழுதாதீர்கள், எனக்கு அவர் மேல் கோபமே கிடையாது. அவரை எனக்குப் பிடிக்கும். எண்ணெய் விஷயத்தில் என் பேச்சைக் கேட்ட இரண்டு பேரில் அவர் ஒருத்தர் என்று சொன்னேனே.

பழைய துப்பாக்கிகளை வெட்டி உருக்க அனுப்புவதற்கு முன், ஒவ்வொன்றையும் இரண்டு பேர் சேர்ந்து பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். அதன் மேகசினும் நம்பர்படி அதிலேயே மாட்டியிருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தே அழிய வேண்டும் என்பது உத்தரவு. படிவத்தில் 'குழல் நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. துரு, கறை, சுத்தம், இதில் ஒன்று எழுத வேண்டும். அதற்குப் போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தி, கட்டையை மேஜையில் ஊன்றி, விளக்கு வெளிச்சம் குழலில் விழுகிறபடி சாய்த்து, வாய்ப்பக்கமிருந்து உள்ளே பார்க்க வேண்டும். இரண்டாவது ஆளாக யாரைப் போடலாம் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நழுவலைப் போடுங்கள் என்றேன். போகிற நேரத்தில் அவர் கையில் துப்பாக்கி கொடுத்த மாதிரி இருக்கும், மனசு ஆறும் என்றேன். அலுவலக எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க மாதிரி மனசு யாருக்கு வரும் சார்," என்றார்.

புதன்கிழமை திருகாணி டப்பாவைத் தேடி அந்தக் கொக்கியை எடுத்தேன். பதினேழில் மறுபடி மாட்டினேன். மேகசினில் ஒரு தோட்டா போட்டேன். ஒன்றுதான். விரிப்பில் தட்டிப் பார்க்கவில்லை. அதன் குணம் எனக்குத் தெரியும், மூன்றில் ஒன்று. இதை நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூன்றில் இரண்டு பங்கு அவர் பக்கம் இருந்தது. பதினேழை அவர் ஒரு தடவை ஊன்றிப் பார்த்து, கொக்கி நின்றுவிட்டால், மேகசினைக் கழற்றித் தோட்டாவை எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை நானே கதவைத் திறந்து விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

வியாழன் பத்து மணிக்கு ஆரம்பித்தோம். அவர் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சீருடையில் வந்திருந்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு தகரம் கையில் வந்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முதல் துப்பாக்கியில் மேகசினைக் கழற்றி, காலியா என்று பார்த்து, திருப்பி மாட்டினார். இரண்டாவதிலும் பார்த்தார். மூன்றாவதில், "இத்தனை வருஷம் கழிச்சு என்னைச் சந்தேகப்படறியாப்பா," என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் 'காலி' என்று கொடுத்தேன், அவர் விரலை விட்டுப் பார்த்து 'காலி' என்று வாங்கினார். நான்கு, ஐந்து என்று போயிற்று. கட்டையை விரிப்பில் தொம் தொம்மென்று வைத்தார். இடையில், நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும், அண்ணிக்கு ஆரஞ்சு பிடிக்குமா, வேறு ஏதாவது வாங்கட்டுமா என்று கேட்டார். பிடிக்கும், அதையே வாங்கு என்றேன்.

பதினேழு வந்தபோது நம்பரைப் பார்த்துவிட்டு அவர் கை நின்றது. "இதுதானேண்ணே," என்றார். "இதுதான்," என்றேன். "காலி," என்றேன். அவர் விரலை விட்டுப் பார்த்து, "காலி," என்றார். கட்டையைத் தொம்மென்று ஊன்றினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

கொக்கி நின்றது.

"சுத்தமா இருக்குண்ணே," என்றார். எழுதப் போனார். மேகசினைக் கழற்றுவதாகச் சொன்னேன் அல்லவா, என் கை அதற்காகத்தான் நீண்டது. ஆனால் நான் சொன்னது வேறு. "பாதியில ஒரு கறை இருந்த மாதிரி ஞாபகம், இன்னொரு தடவை பாரு."

அவர் தூக்கி, திருப்பி, மறுபடி ஊன்றிப் பார்த்தார். நின்றது. "இல்லையே, கறை எதுவும் தெரியலையே," என்றார். இரண்டு பங்கும் அதோடு முடிந்தது.

"வெளிச்சம் பத்தல போல. நல்லா ஊன்றி, கிட்டப் போய்ப் பாரு," என்றேன்.

நல்லா ஊன்றினார். கிட்டப் போனார்.

நான் துப்பாக்கியைத் தொடவில்லை. அது உங்கள் விரல்ரேகை அறிக்கையிலும் இருக்கும், புதன்கிழமை துடைத்து வைத்தேன், கொடுக்கும்போது பிடித்த இடம் தவிர வேறு எங்கும் என் ரேகை இருக்காது. ஆனாலும் அவரைக் கொன்றது நான்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள். என் மகன் விஷயத்தில் எப்படி எழுதுவது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

இனி, இன்றைக்கு ஏன் வந்தேன் என்பது. வியாழன் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சேதியைச் சொன்னேன். அறையில் ஒரு விபத்து, நழுவல் போய்விட்டார், பதினேழாம் நம்பர்தான் என்றேன். அவள் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்து, மற்றவற்றின் மேல் வைத்தாள்.

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சுடுச்சா?" என்று கேட்டாள்.

எது என்றேன்.

"பிள்ளை போறதுக்கு முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது உங்ககிட்ட சொன்னானே. பதினேழாம் நம்பர் லேசாத் தட்டினாலே விடுதுப்பா, பாருங்கன்னு. என் மேஜையில தேறின துப்பாக்கிடா அது, உன் கை சரியில்லன்னு நீங்க சொன்னீங்க. நான் அங்கதான் உக்காந்திருந்தேன். பரிமாறிக்கிட்டு."

எனக்கு அது மறந்தேபோயிருந்தது, ஐயா. சத்தியமாக. அவள் சொன்ன பிறகுதான் அவன் முகம் ஞாபகம் வந்தது. சரிப்பா என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"ஒம்பது வருஷமா உங்க வாயால வரட்டும்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். "அந்த மனுஷன் வந்து வந்து கேட்டுல நின்னப்ப, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கதவத் தெறப்பேன்? பாவத்த பண்ணினது நாம. பழத்தத் தூக்கிக்கிட்டு அவர் வராரு." அதற்குப் பிறகு வெள்ளி முழுவதும் என்னோடு பேசவில்லை. இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்க போய்ச் சொல்றீங்களா, இல்ல நான் அவர் வீட்டுக்காரிகிட்டப் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள். நானே வந்துவிட்டேன்.

வருகிற வழியெல்லாம் ஒன்றை யோசித்துக்கொண்டே வந்தேன். அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். தெரியும் என்று இந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால், அவர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். இதை நான் புகாராகச் சொல்லவில்லை, எழுதவும் வேண்டாம். அவளை நான் மன்னித்துவிட்டேன்.